எதிர்ப்பு சக்தி கூடினால் நல்லதா?

மருந்துக் கடையில் ஏதாவது ஒரு சத்து பாட்டிலைக் கையில் எடுத்தால் ‘நோய் எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்’ என்று எழுதியிருக்கும். அதைப் படிக்கும்போது மனதில் ஒரு தண்ணீர்த் தொட்டி வந்து நிற்கிறது. தொட்டியில் இப்போது பாதிதான் இருக்கிறது, ஊற்றினால் நிரம்பும், நிரம்பிவிட்டால் நோய் அண்டாது. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அந்தத் தொட்டியைக் கொஞ்சம் நகர்த்தி வைக்கத்தான்.

உடலில் அப்படி ஒரு தொட்டி கிடையாது. ‘எனக்கு எதிர்ப்பு சக்தி எவ்வளவு இருக்கிறது?’ என்று கேட்டால் ஒரே எண்ணில் பதில் சொல்லும் ரத்தப் பரிசோதனையும் கிடையாது. இருப்பவை எலும்பு மஜ்ஜை, தைமஸ் சுரப்பி, மண்ணீரல், நிணநீர் முடிச்சுகள், ரத்தத்திலும் தசையிலும் அலைகிற பல வகை வெள்ளை அணுக்கள், அவை ஒன்றுக்கொன்று தகவல் சொல்லிக்கொள்ளச் சுரக்கும் ஏராளமான வேதிப்பொருள்கள். இத்தனையும் சேர்ந்து ராப்பகலாக ஒரு கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கின்றன. எதிரே வருவது யார், இதை என்ன செய்வது? அடிப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஆளைப் பார்த்து அடிப்பதும், போதும் என்று நிறுத்துவதும்தான் வித்தை. இந்த மண்டலத்தில் வரும் கோளாறுகளைப் புரிந்துகொள்ள இது ஒன்று பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது.

விரலில் ஒரு முள்

விரலில் முள் குத்திவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பிடுங்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கிறீர்கள். முள் வெளியே வந்துவிட்டது. அதோடு உள்ளே போன பாக்டீரியா வரவில்லை.

சாதாரணமாக அவற்றுக்கு உள்ளே நுழையவே வழியில்லை. தோல் ஒரு மதில். மூக்கிலும் தொண்டையிலும் சளி அவற்றை ஒட்டிப் பிடித்துக்கொள்ளும், வயிற்றின் அமிலம் கொன்றுவிடும், கண்ணீரிலேயே பாக்டீரியாவின் சுவரைக் கரைக்கும் லைசோசைம் என்ற நொதி இருக்கிறது. முள் அந்த மதிலில் ஒரு ஓட்டை போட்டுவிட்டது.

தோலுக்கடியில் மேக்ரோஃபேஜ் என்ற பெரிய விழுங்கும் அணுக்கள் எப்போதும் குடியிருக்கின்றன. பாக்டீரியாவின் மேல் சுவரில் நம் உடலில் எங்குமே இல்லாத சில மூலக்கூறுகள் உண்டு. அவை தட்டுப்பட்டதும் மேக்ரோஃபேஜ் விழுங்கத் தொடங்குகிறது; கூடவே அபாயச் செய்தியும் அனுப்புகிறது. செய்தி கிடைத்ததும் பக்கத்து ரத்தக் குழாய்கள் விரிகின்றன. அதனால் அந்த இடம் சிவக்கிறது, சுடுகிறது. குழாயின் சுவர் இளகி நீர் கசிகிறது, வீக்கம். நரம்பு முனைகள் தூண்டப்படுகின்றன, வலி. ராத்திரி படுக்கும்போது விரல் விண் விண்ணென்று தெறிப்பது இதனால்தான். முள் பண்ணிய வேலை என்று நாம் திட்டுகிறோம். அதில் பெரும்பகுதி நம் உடலே பண்ணியது.

இளகிய குழாய்ச் சுவர் வழியாக நியூட்ரோஃபில்கள் கூட்டமாக வருகின்றன. ரத்தப் பரிசோதனை அறிக்கையில் வெள்ளை அணுக்களின் வகைகளைப் பிரித்துப் போட்டிருப்பார்களே, அதில் பெரும்பாலும் முதல் வரியில், அதிக சதவீதத்தோடு இருப்பது இதுதான். எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்குச் சுமார் 10,000 கோடி நியூட்ரோஃபில்களை உற்பத்தி செய்கிறது. ஆயுள் மிகக் குறைவு. வரும், விழுங்கும், சாகும். மூன்றாம் நாள் விரலில் கோத்து நிற்கும் சீழில் பெரும்பகுதி இவற்றின் பிணங்கள்.

இந்த விழுங்கும் வேலையை முதலில் புரிந்துகொண்டவருக்கும் ஒரு முள்தான் உதவியது. 1882-ல் சிசிலித் தீவின் மெசினா நகரில் தங்கியிருந்தார் எலி மெட்ச்னிகாஃப் என்ற ரஷ்ய விலங்கியலாளர். வீட்டில் எல்லோரும் சர்க்கஸ் பார்க்கப் போயிருந்த ஒரு நாள், தோட்டத்திலிருந்து ரோஜா முட்களைப் பறித்து வந்து, கண்ணாடி போல் உள்ளே எல்லாம் தெரியும் நட்சத்திர மீன் குஞ்சுகளின் உடலில் குத்தி வைத்தார். மறுநாள் விடிவதற்குள் நுண்ணோக்கியில் பார்த்தால், முள்ளைச் சுற்றி அணுக்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. 1908-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நெறி கட்டுவது ஏன்

கையில் புண் வந்தால் அக்குளில் நெறி கட்டும், காலில் வந்தால் தொடையிடுக்கில். தொண்டைப் புண் என்றால் கழுத்தில். எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான், ஆனால் அந்த முடிச்சுக்குள் நடப்பதுதான் இந்த மண்டலத்தின் அதிசயமான பகுதி.

விழுங்கும் அணுக்களின் வேலை பொதுவானது. பாக்டீரியா என்றால் அடிக்கும், எந்த பாக்டீரியா என்று பெயர் கேட்காது. பெயர் கேட்கும் அணுக்கள் வேறு. அவை பி அணுக்கள், டி அணுக்கள் என்ற இரண்டு வகை லிம்போசைட்டுகள். ஒவ்வொரு லிம்போசைட்டும் பிறக்கும்போதே ஒரே ஒரு வடிவத்தை மட்டும் அடையாளம் காணும் ஏற்பியோடு பிறக்கிறது. ஒரு பூட்டுக்கு ஒரு சாவி மாதிரி. எத்தனையோ கிருமிகள் இருக்கின்றன, இனிமேல் உருவாகப் போகும் கிருமிகள் வேறு. அத்தனைக்கும் சாவி எங்கிருந்து வருகிறது? நம்மிடம் மொத்தமே சுமார் 20,000 மரபணுக்கள்தான். ஜப்பானியரான சுசுமு டொனேகவா இதற்கு விடை கண்டுபிடித்தார். இந்த அணுக்கள் வளரும்போது தங்கள் மரபணுத் துண்டுகளைச் சீட்டுக்கட்டு போலக் கலைத்துப் புதுப் புது வரிசையில் சேர்த்துக்கொள்கின்றன. அதனால் கோடிக்கணக்கான வகைச் சாவிகள் சும்மாவே தயாராகின்றன. அவற்றில் பெரும்பாலானவைக்குப் பூட்டே ஒருநாளும் வராது. 1987-ல் டொனேகவாவுக்கு நோபல் பரிசு.

சரி, முள் குத்திய விரலுக்கு வருவோம். டென்ட்ரிடிக் அணு என்ற ஒன்று அங்கே கிடைத்த பாக்டீரியாத் துண்டை எடுத்துக்கொண்டு நிணநீர் வழியாக அக்குளில் உள்ள முடிச்சுக்கு வருகிறது. வழியே போகும் டி அணுக்கள் ஒவ்வொன்றிடமும் ‘இது உன்னுடையதா?’ என்று காட்டுகிறது. ஆயிரக்கணக்கில் ‘இல்லை’ என்று சொல்லிப் போய்விடும். எங்கோ ஒன்று பொருந்தும். பொருந்தியது பெருகத் தொடங்கும், ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, சில நாட்களில் பல்லாயிரமாகும். நெறி கட்டுவது என்பது இந்தப் பெருக்கம்தான். டி அணுக்களில் ஒரு வகை, வைரஸ் புகுந்த நம் அணுக்களை நேரடியாகக் கொல்லும். இன்னொரு வகையான உதவி டி அணுக்கள் மற்றவர்களுக்கு உத்தரவு கொடுக்கும். அந்த உத்தரவில் பி அணுக்கள் ஆன்டிபாடி என்ற புரதத்தைச் சுரக்கும். ஆன்டிபாடி ரத்தத்தில் மிதந்து போய்க் கிருமியின் மேல் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதை விழுங்கும் அணுக்கள் லபக்கென்று பிடித்துக்கொள்ளும். முதல் தடவை இதற்கெல்லாம் ஒரு வாரம், பத்து நாள் ஆகும். ஃப்ளூ வந்து நாம் படுக்கையில் கிடப்பதும் ஏறத்தாழ அந்தக் காலம்தான்.

வேலை முடிந்ததும் பெரும்பாலான அணுக்கள் தாமாகவே செத்துவிடும். கொஞ்சம் மட்டும் நினைவு அணுக்களாகத் தங்கும். எவ்வளவு காலம் தங்கும்? 1846-ல் ஃபாரோ தீவுகளில் தட்டம்மை பரவியது. அங்கிருந்த சுமார் 7,800 பேரில் 6,000 பேருக்கு வந்தது. ஆராயப் போன பீட்டர் பானம் என்ற டென்மார்க் மருத்துவர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். அங்கே அதற்கு முன் தட்டம்மை வந்தது 1781-ல். அப்போது குழந்தைகளாக இருந்து நோய் கண்டு பிழைத்த கிழவர்கள் இன்னும் உயிரோடு இருந்தார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூட இந்த முறை வரவில்லை. 65 வருடம் கழித்தும் உடல் மறக்கவில்லை. தடுப்பூசி செய்வது இந்த நினைவை, நோயின் துன்பம் இல்லாமல், முன்கூட்டியே பதிய வைப்பதுதான். பெரியம்மையை 1980-ல் உலகத்திலிருந்தே ஒழித்துவிட்டதாக அறிவிக்க முடிந்தது இதனால்.

தைமஸ் நடத்தும் தேர்வு

இங்கே ஒரு சங்கடம் இருக்கிறது. சீட்டைக் கலைத்துப் போட்டுச் சாவி செய்தால், அதில் சில சாவிகள் நம் சொந்த உடலின் பூட்டுக்கே பொருந்தித் தொலையும். இன்சுலின் சுரக்கும் அணு, மூட்டுச் சவ்வு, நரம்பின் உறை என்று எதற்கு வேண்டுமானாலும்.

மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பி இதற்காகத்தான். குழந்தைப் பருவத்தில் பெரிதாக இருந்து, வயது வந்தபின் சுருங்கிக் கொழுப்பாகிவிடும் உறுப்பு. 1961-ல் ஜாக் மில்லர் எலிக்குட்டிகளிடமிருந்து அதை எடுத்துப் பார்த்து, டி அணுக்களின் பள்ளிக்கூடம் இதுதான் என்று தெரியும்வரை, இதற்கு இப்போது ஒரு வேலையும் இல்லை என்றே பலரும் நினைத்திருந்தார்கள். அங்கே ஒவ்வொரு இளம் டி அணுவுக்கும் நம் உடலின் சொந்தப் புரதங்களைக் காட்டுகிறார்கள். அதைப் பார்த்து வேகமாகப் பாய்கிற அணுவுக்கு மரணம். எதையுமே அடையாளம் காணத் தெரியாத அணுவுக்கும் மரணம். தேறி வெளியே போவது நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. நாம் படித்த எந்தப் பள்ளிக்கூடத்திலும் இவ்வளவு கறாரான தேர்வு இருந்திருக்காது.

அப்படியும் சில தப்பி வெளியே வந்துவிடும். அவற்றை அடக்கி வைக்க ஒழுங்குபடுத்தும் டி அணுக்கள் என்று ஒரு வகை இருக்கிறது. பாய வருகிற அணுவைப் ‘பேசாமல் இரு’ என்று அதட்டுவதுதான் அவற்றின் முழுநேர வேலை. 1995-ல் ஷிமோன் சகாகுச்சி அவற்றை இனம் காட்டினார். 2001-ல் மேரி பிரங்கோ, ஃப்ரெட் ராம்ஸ்டெல் குழுவினர், அவற்றுக்கு அத்தியாவசியமானது என்று பின்னால் தெரியவந்த மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். 2025-ன் நோபல் பரிசு இந்த மூவருக்கும்தான். அந்த மரபணு கெட்டுப்போய்ப் பிறக்கும் ஆண் குழந்தைகளுக்குச் சில மாதங்களிலேயே குடல், தோல், கணையம் எல்லாம் சொந்த அணுக்களால் தாக்கப்படுகின்றன. அந்தக் குழந்தைக்குக் குறை எதிர்ப்பில் இல்லை, அடக்குவதற்கு ஆள் இல்லாததில்.

கோளாறுகள்

முதலில், நிஜமாகவே எதிர்ப்பு குறைவது. சிலருக்கு அது பிறவியிலேயே. 1952-ல் ஆக்டன் புரூட்டன் என்ற அமெரிக்க மருத்துவரிடம் ஓர் எட்டு வயதுப் பையன் வந்தான். திரும்பத் திரும்பக் கடுமையான தொற்று. அவன் ரத்தப் புரதங்களைப் பிரித்துப் பார்த்தபோது ஆன்டிபாடிகள் இருக்க வேண்டிய பகுதி காலியாக இருந்தது. மற்றவர் ரத்தத்திலிருந்து எடுத்த ஆன்டிபாடிகளை மாதாமாதம் ஊசியாகப் போட்டதும் தொற்று நின்றது. இன்றும் அந்த நோய்க்கு அடிப்படைச் சிகிச்சை ஏறக்குறைய அதுவேதான். பி, டி இரண்டும் வேலை செய்யாத இன்னும் கடுமையான வகை உண்டு. எலும்பு மஜ்ஜை மாற்றுபோன்ற சிகிச்சை சீக்கிரம் கிடைக்காவிட்டால் அந்தக் குழந்தைகள் பிழைப்பது கடினம்.

பின்னால் வரும் குறைபாடுதான் அதிகம். போதிய சாப்பாடு இல்லாதது, கட்டுக்குள் இல்லாத சர்க்கரை, புற்றுநோய்க்கான கீமோ, உறுப்பு மாற்றியவர்கள் சாப்பிடும் மருந்துகள், முதுமை. தட்டம்மையும் இதில் சேரும். பழைய நினைவு அணுக்களை அது அழித்துவிடுவதால், அம்மை இறங்கிய பிறகும் நீண்ட காலத்துக்குக் குழந்தைக்கு வேறு தொற்றுகள் எளிதில் வரும். எச்.ஐ.வி. வைரஸ் இன்னும் தந்திரமானது. அது குறிவைப்பது உத்தரவு கொடுக்கும் உதவி டி அணுக்களையே. ஆரோக்கியமானவருக்கு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் அவை 500-க்கு மேல் இருக்கும். 200-க்குக் கீழே போனால் எய்ட்ஸ் நிலை என்கிறார்கள். மற்ற அணுக்கள் இருக்கும், ஆனால் சொல்வதற்கு ஆள் இருக்காது. அதனால்தான் சாதாரண மனிதரை ஒன்றும் செய்யாத பூஞ்சைகூட எய்ட்ஸ் நோயாளியின் நுரையீரலை நிரப்பிவிடுகிறது. 1996 வாக்கில் வந்த கூட்டு மருந்துகளுக்குப் பிறகு நிலைமை மாறிவிட்டது. ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறவர் இன்று ஏறத்தாழ மற்றவர்களைப் போலவே நெடுநாள் வாழ முடியும்.

அடுத்தது அலர்ஜி. பழைய புத்தகங்கள் இருக்கும் அலமாரியைத் திறந்தால் போதும், எனக்கு ஏழெட்டுத் தும்மல் அடுக்காக வரும். புத்தகத் தூசியால் எனக்கு எந்த ஆபத்தும் இல்லை. ஆனால் என் உடல் அப்படி நினைக்கவில்லை. புழுக்கள் போன்ற ஒட்டுண்ணிகளை விரட்ட உருவானதாகக் கருதப்படும் ஐஜிஇ என்ற ஆன்டிபாடியை அது தூசிக்கு எதிராகத் தயார் செய்து, மாஸ்ட் அணுக்களின் மேல் ஒட்டி வைத்திருக்கிறது. தூசி பட்டதும் அவை வெடித்து ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டுகின்றன. மூக்கு ஒழுகுகிறது, கண் அரிக்கிறது. மூக்கோடு போனால் தொல்லை, அவ்வளவுதான். அதுவே உடல் முழுவதும் ஒரே நேரத்தில் நடந்தால்? 1900-களின் தொடக்கத்தில் சார்லஸ் ரிஷே, பால் போர்ட்டியே என்ற இருவர், கடல் சாமந்தி என்ற கடல் உயிரினத்தின் நச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து நாய்களைப் பழக்கிவிடலாம் என்று பார்த்தார்கள். முதல் ஊசியைத் தாங்கிய நாய், சில வாரம் கழித்துப் போட்ட சின்ன அளவில் நிமிடங்களில் செத்துப்போனது. பழக்கம் பாதுகாப்பதற்குப் பதிலாகக் கொன்றுவிட்டது. 1902-ல் அதற்கு அனாஃபிலாக்சிஸ் என்று பெயர் வைத்தார்கள். வேர்க்கடலை, பென்சிலின், குளவிக் கொட்டு என்று எதிலிருந்தும் இது வரலாம். உடம்பு தடித்து, மூச்சு இழுத்து, ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான் முதல் மருந்து. அலர்ஜி மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது.

மூன்றாவது, தன்னுடலையே தாக்கும் ஆட்டோ இம்யூன் நோய்கள். முடக்குவாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்காது. சட்டைப் பொத்தான் போட முடியாது, குழாயைத் திருக முடியாது. அரை மணி, ஒரு மணி நேரம் போனபின் கொஞ்சம் கொஞ்சமாக இளகும். பொதுவாக இரண்டு கையிலும் ஒரே மாதிரி. தேய்மானத்தால் வரும் மூட்டுவலியிலும் காலையில் பிடிப்பு இருக்கும், ஆனால் அது சீக்கிரம் விட்டுவிடும். நடந்து வேலை செய்யச் செய்ய வலி கூடும். முடக்குவாதத்தில் ஓய்வுக்குப் பிறகுதான் மோசம். விரலில் முள் குத்தியபோது நடந்த அதே சிவப்பு, சூடு, வீக்கம், வலி. முள் மட்டும் இல்லை. முடிக்கச் சொல்லி யாரும் சொல்லாததால் மாதக்கணக்கில் அது தொடர்ந்து எலும்பையே அரிக்கிறது.

எந்த உறுப்பு தாக்கப்படுகிறதோ அதற்கேற்ப நோயின் பெயர் மாறும். கணையத்தின் இன்சுலின் அணுக்கள் என்றால் டைப் 1 சர்க்கரை நோய். நரம்பின் உறை என்றால் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். தோலின் நிறமி அணுக்கள் என்றால் வெண்புள்ளி. தைராய்டில் இரண்டு விதமாகவும் நடக்கும்; ஹஷிமோட்டோ நோயில் சுரப்பி அழிந்து சுரப்பு குறைகிறது, கிரேவ்ஸ் நோயில் ஆன்டிபாடியே சுரப்பியைத் தூண்டிவிட்டு அதிகமாகச் சுரக்க வைக்கிறது. லூபஸ் ஒரு உறுப்போடு நிற்காது. தோல், மூட்டு, சிறுநீரகம் என்று சுற்றும். அது வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள்.

ஏன் வருகிறது? முழு விடை இல்லை. மரபணு ஒரு பங்கு, ஆனால் ஒரே அச்சான இரட்டையரில் ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராமல் போவதும் சகஜம். புகைப்பது முடக்குவாதத்துக்கான வாய்ப்பைக் கூட்டுகிறது. சில நேரம் ஒரு கிருமியே குழப்பத்தைத் தொடங்கி வைக்கும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் புரதம் நம் இதயத் திசுவின் புரதத்தைச் சற்று ஒத்திருப்பதால், தொண்டைப் புண்ணுக்காக உருவான தாக்குதல் சில வாரம் கழித்து இதயத்தின் மேல் திரும்புகிறது. குழந்தைகளின் இதய வால்வைக் கெடுக்கும் ருமாட்டிக் காய்ச்சல் இப்படித்தான் வருகிறது. தொண்டைப் புண்ணுக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த ஆன்டிபயாடிக்கை முழுதாக முடிக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த நோய்களுக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு, மெத்தோட்ரெக்சேட், புதிதாக வந்திருக்கும் ஊசி மருந்துகள் எல்லாமே எதிர்ப்பைக் குறைப்பவை. ‘எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்’ பாட்டிலை ஒரு லூபஸ் நோயாளிக்கு வாங்கிக் கொடுக்கும் உறவினரை நினைத்துப் பாருங்கள். நல்லெண்ணம்தான். அதில் பெரும்பாலும் ஒன்றுமே இல்லை என்பதால் பல பேர் தப்பிக்கிறார்கள்.

எதிர்ப்பைச் சந்தேகமில்லாமல் கூட்டும் மருந்துகளும் இருக்கின்றன, அவை புற்றுநோய்ப் பிரிவில் கிடைக்கும். டி அணுக்களின் மேல் இயற்கையாகவே பிரேக்குகள் உண்டு. புற்றுநோய்க் கட்டி அந்த பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு தப்பிக்கிறது. ஜேம்ஸ் அலிசன், தசுகு ஹோன்ஜோ இருவரும் காட்டிய வழியில், பிரேக்கை விடுவிக்கும் மருந்துகள் 2011 முதல் வந்தன. 2018-ல் இருவருக்கும் நோபல் பரிசு. முன்பெல்லாம் கைவிடப்பட்டவர்களில் சிலருக்குக் கட்டி கரைந்து, வருடக்கணக்கில் திரும்பி வராமலே இருக்கிறது. ஆனால் பிரேக் விட்ட வண்டி கட்டியின் மேல் மட்டும் ஏறாது. இந்த மருந்து எடுப்பவர்களில் சிலருக்குக் குடல் வீங்கி வயிற்றுப்போக்கு நிற்காது, சிலருக்குத் தைராய்டு போய்விடும், அரிதாகச் சிலருக்கு டைப் 1 சர்க்கரை நோய் புதிதாக வரும். அப்போது மருத்துவர் மருந்தை நிறுத்திவிட்டு ஸ்டீராய்டு எழுதுவார். மெலனோமா என்பது நிறமி அணுக்களில் வரும் தோல் புற்றுநோய். அதற்கு இந்தச் சிகிச்சை எடுப்பவர்களில் சிலருக்குக் கையிலும் முகத்திலும் வெண்புள்ளிகள் தோன்றும். கட்டியைத் தேடிப் போன டி அணுக்கள் பக்கத்தில் சும்மா இருந்த நிறமி அணுக்களையும் சேர்த்து அடிக்கின்றன. நோயாளி பதறிப்போய்க் கையை நீட்டிக் காட்டுவார். மருத்துவருக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம், மருந்து பிடித்துவிட்டது போலிருக்கிறதே என்று.